இரத்தப் புற்றும் தலைவிதியும்

(சென்னை அசோக் நகரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் ஒரு பேச்சாளனுமல்ல, டாக்டருமல்ல. ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனை அறையில் முப்பது வருஷ காலம் கண்ணாடிச் சில்லில் இரத்தத்தைத் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எண்ணி எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினவன். ஆகவே என்னிடத்தில் இலக்கண நயமான பிரசங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு வியாதியைப் பற்றியும், அதற்கு மருந்து எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பற்றியும், அந்த மருந்தின் விலையைப் பற்றி இதே சென்னையில் நடந்த வழக்கைப் பற்றியும் எனக்குத் தோன்றியதைச் சொல்லுகின்றேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் தெருவில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் நான் யோக்கியன் ஆகமாட்டேன்.

அசோக் தூணிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி இஸ்திரி போடுகிற தோழர் ஒருவர் இருந்தார். வயது முப்பத்தெட்டு. பெயர் வேண்டாம். நான் தம்பி என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருக்கு வயிற்றின் இடது பக்கத்தில் கல்லை வைத்தது போல் கனமாக இருந்தது, சோறு நாலு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை, இராத்திரியில் வேர்வை. பரிசோதித்ததில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியவை இரண்டு இலட்சத்தைத் தாண்டி இருந்தன. இதற்கு நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்று என்று பெயர். இலட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். அபூர்வமான வியாதிதான். ஆனால் மேல்நாட்டில் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியவர்களுக்கு வருவது, நம் நாட்டில் நாற்பதை ஒட்டிய வயதிலேயே, அதாவது பிள்ளை குட்டிகளை வைத்துக் கொண்டு உழைக்கிற வயதிலேயே வந்துவிடுகிறது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் தினம் ஒரு வேளை சாப்பிட மாத்திரை கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. மூன்று மாதத்தில் அணுக்கள் சரியான கணக்குக்கு வந்தன, வயிற்றுக் கனம் இறங்கியது, மனிதர் பழையபடி நாளைக்கு நூறு துணி போட ஆரம்பித்தார். இந்த இடத்தில்தான் கேடு வந்தது. வீட்டில் பெரியவர்கள் வேண்டுதல் வைத்திருந்தார்கள்; மொட்டையும் போட்டாயிற்று. ஜாதகம் பார்த்தவர், சனி விலகிவிட்டது, இனி விஷமான மருந்து எதற்கு என்றார். மாத்திரை சாப்பிட்டால் கண்ணுக்குக் கீழே வீக்கமும், இராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுப்பதும் இருந்தது. ஆகவே நிறுத்துவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து வியாதி திரும்பி வந்தபோது அது பழைய வியாதியாக வரவில்லை. முற்றிப்போன அவசர நிலையில் வந்தது. ஏழு வாரத்தில் போய்விட்டார்.

தோழர்களே! நான் ஜோசியரை மட்டும் குற்றம் சொல்ல வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அந்த வண்டியண்டை நின்று சட்டை வாங்கினவன் நான். "உடம்பு எப்படி தம்பி?" என்று கேட்டேன். "நல்லாயிருக்கேன் சார்" என்றார். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வியாதியின் அணுக்களை முப்பது வருஷம் எண்ணினவனுக்கு, அதைக் கேட்க வேண்டும் என்கின்ற புத்தி வரவில்லை. அதனால்தான் இன்று கூப்பிட்டவுடன் வந்தேன்.

நிற்க. இந்த வியாதி எதனால் வருகின்றது? பூர்வ ஜன்ம வினை என்பார் ஒரு கூட்டத்தார். எந்த ஜன்மத்தில் யார் செய்த பாவம் என்று கேட்டால் பதில் கிடையாது. பதில் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருப்பதுதானே கர்மத்தின் சௌகரியம்! ஆனால் 1960-ம் வருஷத்தில் அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நவல், டேவிட் ஹங்கர்போர்டு என்கின்ற இருவர், இந்த வியாதிக்காரர்களின் அணுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றைக் கண்டார்கள். நம் ஒவ்வொருவர் அணுவுக்குள்ளும் குரோமோசோம் என்கின்ற 46 நூல்துண்டுகள் உண்டு. உடம்பை நடத்துகிற உத்தரவுகளெல்லாம் அவற்றில்தான் எழுதியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று இந்த வியாதிக்காரர்களுக்கு மாத்திரம் குட்டையாய் இருந்தது. ஒரு புற்றுநோய்க்கும் ஒரு குரோமோசோம் பழுதுக்கும் நேர் சம்பந்தம் காட்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

குட்டையானது ஏன்? மீதித் துண்டு எங்கே போயிற்று? இதற்குப் பதில் சொன்னது ஒரு பெண்மணி. சிகாகோ நகரத்து ஜேனட் ரோலி என்பவர். குழந்தைகளை வளர்த்துக் கொண்டு, வாரத்தில் சில நாள் மாத்திரம் வேலை பார்த்தவர். குரோமோசோம்களின் போட்டோவைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாய் வைத்துப் பார்ப்பாராம்; அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த விளையாட்டிலே 1973-ல் அவர் கண்டது என்னவென்றால், 9-வது குரோமோசோமின் ஒரு துண்டும் 22-வதின் ஒரு துண்டும் அறுந்து இடம் மாறி ஒட்டிக் கொண்டிருக்கின்றன என்பது. அடுக்களையும் பிள்ளைகளும்தான் பெண்களுக்கு விதித்தது என்பவர்கள் இந்த மேஜையை யோசித்துப் பார்க்கட்டும்.

துண்டு மாறினால் என்ன கெட்டுப் போகிறது? நம் வீட்டு மோட்டாரை எடுத்துக் கொள்ளுங்கள். தொட்டி நிறைந்தால் சுவிட்சை நிறுத்துகிறோம். அதுபோல், வெள்ளை அணுவே பெருகு என்பதற்கும், போதும் நில் என்பதற்கும் உடம்பில் சுவிட்சுகள் உண்டு. 9-வதில் இருந்த ஏபிஎல் என்கின்ற ஜீன், 22-வதில் இருந்த பிசிஆர் என்கின்ற ஜீனோடு ஒட்டிக் கொண்ட உடனே, போட்டது போட்டபடி நிற்கிற ஒரு சுவிட்ச் உண்டாகிவிடுகிறது. தொட்டி நிறைந்து, மாடி வழிந்து, தெருவெல்லாம் தண்ணீர் ஆனாலும் நிற்காது. இவ்வளவுதான் வியாதி. பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஹிரோஷிமாவில் அணுகுண்டின் கதிர்பட்டுப் பிழைத்தவர்களுக்கு இந்த வியாதி அதிகம் வந்தது. ஆகையால் கடுங்கதிர் ஒரு காரணம் என்று தெரியும். மற்றப் பெரும்பாலோருக்கு அணு இரண்டாய்ப் பிரிகிறபோது எழுத்துக்கூலிக்காரன் கைதவறியது போல் நேர்ந்த பிழைதான். இதை வைத்துக் கொண்டு, வீட்டுக்கு வந்த மருமகளின் கால் ராசி என்று பேசுகிற கொடுமையை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

இனி மருந்துக்கு வருவோம். சுவிட்ச் எது என்று தெரிந்த பின்பு, அதன் பொந்தில் சரியாய்ப் போய் அடைத்துக் கொள்ளுகிற ஆப்பைத் தேடினார்கள். ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியில் ரசாயனக்காரர்கள் செய்த ஒரு பொருளை, அமெரிக்காவில் பிரையன் டிரக்கர் என்கின்ற டாக்டர் சோதித்துப் பார்த்தார். அதுவே இமாட்டினிப். கம்பெனிக்கோ இதில் அவ்வளவு அக்கறையில்லை. வியாதிக்காரர்கள் சொற்பம், விற்று என்ன இலாபம் வரும் என்கின்ற எண்ணம். டாக்டர் விடாமல் தொந்தரவு செய்ததின் பேரில்தான் 1998-ல் மனிதரிடத்தில் பரிசோதனை ஆரம்பமாயிற்று. முதலில் 25 மில்லிகிராம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாய் அதிகம். தினம் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்தக் கணக்கு சரியாகிவிட்டது. மருந்து போதாமல் செய்கிறார்களே என்று நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டுக் கம்பெனிக்கு மனு அனுப்பினார்கள். 2001-ல் அமெரிக்க சர்க்கார் அதை அனுமதித்தது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "54-ல் 53 என்கிறீர். எங்கள் ஊர்ச் சாமியாரின் திருநீற்றில் நூற்றுக்கு நூறு குணமாகிறதே!" என்று. நல்ல கேள்விதான். அந்த நூறு பேரை எண்ணினது யார்? பிழைத்தவன் தேங்காய் பழத்தோடு வந்து ஊரெல்லாம் சொல்லுவான். செத்தவன் வந்து சாட்சி சொல்லுவானா? அவன் பெண்டாட்டி சொன்னாலும், "உனக்குப் பக்தி போதவில்லை" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்கள். வந்ததை மட்டும் வரவில் எழுதி, போனதைச் செலவில் எழுதாத கணக்கப்பிள்ளையை நம் கடையில் ஒரு நாள் வைத்துக் கொள்ளுவோமா?

மருந்துப் பரிசோதனை என்பது செலவையும் எழுதுகிற கணக்கு. இந்த மாத்திரைக்கே 1106 பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு சரிபாதியாய்ப் பிரித்தார்கள். 553 பேருக்குப் புது மாத்திரை. 553 பேருக்கு அதுவரையில் நல்லதென்றிருந்த இண்டர்பெரான் ஊசியும் கூட இன்னொரு மருந்தும். சீட்டு எதற்கென்றால், திடமானவனைப் புது மருந்துக்கும் தளர்ந்தவனைப் பழையதற்கும் டாக்டர் தள்ளிவிடாமல் இருப்பதற்கு. எதை எண்ணப் போகிறோம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடக் கூடாது. பதினெட்டு மாதத்தில் பழுதான குரோமோசோமே கண்ணுக்குத் தெரியாமல் போனவர்கள், புது மாத்திரையில் 100-க்கு 76 பேர்; பழைய மருந்தில் 100-க்கு 14 அல்லது 15 பேர். பழைய மருந்து பலிக்காதவர்களைப் புது மாத்திரைக்கு மாற்றிக் கொள்ளவும் இடம் வைத்திருந்தார்கள், அநேகர் மாறியும் கொண்டார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது புது மாத்திரையில் சேர்ந்தவர்களில் 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். மீதிப் பேரையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டும்.

சிலருக்கு ஏன் பலிக்கவில்லை என்றும் தேடினார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதது ஒன்று. மற்றொன்று, அந்த ஒட்டு ஜீனிலேயே இன்னொரு எழுத்துப் பிழை விழுவது. அந்தப் புரதத்தின் 315-வது இடத்தில் ஒன்று மாறினால் போதும், பொந்தின் வாய் மாறி ஆப்பு உள்ளே போகாது. அதற்கும் அடங்குகிற பொனாட்டினிப் என்கின்ற மருந்து 2012-ல் வந்தது. அதற்குத் தொந்தரவும் அதிகம். இரத்தக் குழாய் அடைத்துக் கொள்ளுவதுண்டு. ஆகவேதான் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பி.ஸி.ஆர். பரிசோதனைக்கு வா என்கிறார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு கெட்ட அணு இருந்தாலும் அது காட்டிவிடும். வெறும் கண்ணுக்கும், கண்ணாடியில் முகம் தெளிந்திருப்பதற்கும் அது தெரியாது. (இந்த மாத்திரையில் நம்மவர் சிலருக்குத் தோலின் நிறம் வெளுப்பதுண்டு. அதற்கு மாத்திரம் சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தோல் மோகம் புற்றுநோயிலும் நம்மை விடவில்லை!)

"அப்படியானால் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டுமா, நிறுத்தவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நிறுத்துவதையும் பரிசோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸ் தேசத்தில், இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த நுட்பமான சோதனையிலும் வியாதி தென்படாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்தி, மாதா மாதம் இரத்தம் எடுத்துக் கவனித்தார்கள். ஒரு வருஷமாவது கவனிக்கப்பட்டவர்களில் 100-க்கு 61 பேருக்கு வியாதி திரும்பிற்று. அநேகமாய் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்குள்ளாகவே. உடனே மாத்திரையைத் திரும்பக் கொடுத்ததில் மறுபடி அடங்கிற்று. மற்றவர்கள் மருந்தில்லாமலே இருந்தார்கள். எங்கள் இஸ்திரித் தோழரும் நிறுத்தினார், இவர்களும் நிறுத்தினார்கள். வித்தியாசம் எங்கே? இவர்கள் எப்போது நிறுத்தலாம் என்பதை அளந்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின்பும் அளந்தார்கள். அவர் மூன்றே மாத நலத்தைப் பார்த்து, சனி விலகிற்று என்று நிறுத்தினார்.

இனி விலை. கண்டுபிடித்த மருந்து ஏழைக்கு எட்டாவிட்டால் அதுவும் கர்ப்பக்கிரகத்துச் சாமி மாதிரிதான். இந்த மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை நம் நாட்டில் அந்த வழக்குக் காலத்தில் மாதம் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே சுமார் 8,000, 10,000 ரூபாய்க்குச் செய்து கொடுத்தன. இந்த மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குப் பேட்டண்ட், அதாவது ஏகபோக பாத்தியம் வேண்டுமென்று நோவார்ட்டிஸ் 1998-ல் சென்னைப் பேட்டண்ட் ஆபீசில் மனுப் போட்டது. அது நிலுவையில் இருக்கும்போதே 2003-ல் விற்பனைத் தனி உரிமை என்று ஒன்று கிடைத்து, நம் கம்பெனிகள் சில நிறுத்தப்பட்டதும் உண்டு. பம்பாய்ப் புற்றுநோயாளர் உதவிச் சங்கத்தார் எதிர்மனுப் போட்டார்கள். 2006 ஜனவரியில் சென்னை ஆபீஸ் கம்பெனி மனுவைத் தள்ளிற்று. தெரிந்த பொருளைச் சற்றே உருமாற்றிக் கொண்டுவந்தால், அதன் குணம் மேம்பட்டிருந்தாலொழியப் பேட்டண்ட் கிடையாது என்று 2005-ம் வருஷத் திருத்தத்தின்படி நம் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்லுகிறது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி இதே சென்னை ஹைக்கோர்ட்டுக்கு வந்தது. 2007 ஆகஸ்டு 6-ந் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் அதை ஏற்காமல் தள்ளினார்கள். கடைசியாய் 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனிக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொல்லிற்று.

கம்பெனியின் பக்கத்தையும் சொல்லுவதுதான் நேர்மை. பேட்டண்ட் இல்லாவிட்டால் யார் பணம் போட்டு மருந்து தேடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் ஒன்றுமே இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் குட்டைக் குரோமோசோமையும், துண்டு மாறியதையும், கெட்ட ஜீனையும் கண்டது பெரும்பாலும் சர்வகலாசாலைகளில், பொதுப்பணத்தில். அந்தக் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு இலவசமாய்க் கொடுத்தோம் என்றும் சொன்னார்கள். வாஸ்தவம், கொடுத்தார்கள். அதனால் பிழைத்தவர்களை எனக்கே தெரியும். ஆனால் தானம் கொடுக்கிறவன் மனத்தைப் பொறுத்தது. நாளைக்கு நிறுத்திக் கொண்டால் கேட்க நமக்கு வாயில்லை. பத்தாயிரமும் பெரிய தொகைதான். ஆனாலும் மலிவு மருந்தென்று ஒன்று இருந்ததினால்தான் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கிக் கொடுக்க முடிந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2015-ல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

புற்று என்றாலே சாவு என்று டாக்டர்களே கைவிட்ட காலத்தில், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தன் தங்கை புற்றுநோயால் மாண்டதை மறக்காமல், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். டாக்டர் சாந்தா 1955-ல் அங்கே சேர்ந்து 2021-ல் சாகிற வரையில் அதிலேயே இருந்தார். இங்கிருந்து அடையாறு எவ்வளவு தூரம்? இதைவிட அதிக தூரம் நடந்து பாத யாத்திரை போகிறவர்கள்தானே நாம்!

இன்னும் ஒரு விஷயம். பரிசோதனை என்றால் நம்மை எலியாக்குகிறார்களோ என்கின்ற பயம் ஜனங்களுக்கு உண்டு. அந்தப் பயம் முழுப் பொய்யல்ல. அமெரிக்காவில் டஸ்கீகி என்கின்ற இடத்தில் 1932 முதல் 1972 வரையில், மேகப்புண் கண்ட கறுப்பு மனிதர் 399 பேரை, பெனிசிலின் வந்த பின்பும் மருந்து கொடுக்காமல், வியாதி எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளைக்காரரை அப்படி வைத்திருப்பார்களா? நம் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் 1999, 2000 வாக்கில் வாய்ப்புற்றுக் கண்ட 26 பேருக்கு, இன்னதென்று சரியாய்ச் சொல்லாமல் ஒரு புது ரசாயனத்தை ஊசி போட்டு, அது பெரிய சங்கதியாயிற்று. கீழே கிடப்பவன் உடம்பென்றால் மேலே இருப்பவனுக்கு அலட்சியம்தான். விஞ்ஞானம் படித்தவன் என்பதனால் மட்டும் அது போய்விடுவதில்லை.

இதற்குப் பரிகாரம் பரிசோதனையை விட்டு ஓடுவதா? ஓடினால் நம் உடம்புக்கு எந்த அளவு மருந்து, எந்தப் பிழைக்கு எந்த மாத்திரை என்பதை மேல்நாட்டார் உடம்பைப் பார்த்தே நாம் தெரிந்து கொள்ள வேண்டியதுதான். அபூர்வ வியாதிக்கோ ஒரு ஊர் ஆட்கள் போதாது, பல தேசத்தார் சேர்ந்தால்தான் கணக்கே தேறும். ஆகவே சேருங்கள், ஆனால் கேட்டுச் சேருங்கள். 2019-ம் வருஷத்து மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, உங்களுக்குப் புரிகிற பாஷையில் எழுத்துமூலம் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். எந்த நாளிலும் நான் விலகுகிறேன் என்று சொல்லலாம். அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. பரிசோதனையால் கெடுதி நேர்ந்தால் வைத்தியமும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும். சர்க்காரின் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். 2009-லிருந்து பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. "படித்தவர்கள் சொல்லுகிறார்கள், கைநாட்டு வை" என்றால், அந்தக் கட்டை விரலை மடக்கிக் கொள்ளுங்கள். புரோகிதனிடம் அர்த்தம் கேட்கக் கற்றுக் கொண்ட நாம் டாக்டரிடம் கேட்க வெட்கப்படுவானேன்? நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார்.

நேரமாகிவிட்டது. கூட்டம் முடிந்த பிறகு நான் இந்த மேடையண்டையே இருக்கின்றேன். வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை நடந்து கொண்டிருந்தால் சீட்டைக் கொண்டு வாருங்கள். வைத்தியம் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை, எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லுவேன். அந்த இஸ்திரி வண்டியை இப்போது அவர் மனைவிதான் நடத்துகிறார். அவர் இன்று கூட்டத்துக்கு வந்திருக்கிறார். நான் பேசப் போவதை முன்பே அவரிடம் சொன்னேன். "பேர் மட்டும் சொல்லாதீங்க சார், மத்ததெல்லாம் சொல்லுங்க" என்றார்.